மரத்துக்கு ஒரு சாமி, ஆற்றுக்கு ஒரு சாமி: ஜப்பானிய நாட்டார் கதைப் படங்களைப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

மழை பெய்துகொண்டிருக்கிறது. காட்டோரப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு சிறுமி, தூங்கிவிட்ட தங்கையை முதுகில் சுமந்தபடி, அப்பா வரும் பேருந்துக்காக நிற்கிறாள். பக்கத்தில் ஏதோ வந்து நிற்கிறது. குடையை மெல்ல உயர்த்திப் பார்க்கிறாள். கரடியை விடப் பெரிய உருவம், உடம்பெல்லாம் ரோமம், தலையில் நனையாமலிருக்க ஒரே ஒரு இலை. அவள் அப்பாவுக்காகக் கொண்டுவந்த குடையை அதனிடம் நீட்டுகிறாள். அதற்குக் குடை என்றால் என்னவென்று தெரியாது. மரத்திலிருந்து சொட்டும் துளிகள் குடைத் துணியில் பட்டுப் பொட்டென்று சத்தம் கேட்டதும் அதன் கண்கள் விரிகின்றன, ரோமம் சிலிர்க்கிறது. அந்தச் சத்தம் அதற்கு அவ்வளவு பிடித்துப்போகிறது. உடனே ஓங்கி ஒரு குதி குதிக்கிறது. மரங்களில் தேங்கியிருந்த தண்ணீர் முழுக்கக் குடைமேல் கொட்டுகிறது.

1988-ல் ஹயாவோ மியாசாகி இயக்கிய ‘மை நெய்பர் டோட்டோரோ’ என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தில் வரும் காட்சி இது. “அனிமே பார்க்க ஆசை, எங்கே தொடங்குவது?” என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் காட்சியைத்தான் முதலில் சொல்வேன். இதைக் கேட்டதும் முகம் மலர்கிறவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. நூற்றுக்கணக்கான பாகங்கள் ஓடும் தொடர்களைப் பற்றி இதில் எதுவும் இல்லை. ஜப்பானின் நாட்டார் நம்பிக்கைகளிலிருந்து முளைத்த சில முழுநீளப் படங்களை எந்த வரிசையில், எப்படி, எதைக் கவனித்துப் பார்க்கலாம் என்பது மட்டும்தான்.

ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் இதுவே சாவி. இந்தப் படங்களில் வரும் சாமிக்கும் பூதத்துக்கும் ஒரு முகவரி உண்டு. ஒன்று ஒரு மரத்தில் இருக்கும், ஒன்று ஒரு ஆற்றில், ஒன்று ஒரு குன்றில். அந்த இடம் போனால் அதுவும் வீடற்றுப் போகும். அதனால் எந்தப் படத்தைப் பார்த்தாலும் “இது என்ன ஜந்து?” என்று கேட்பதற்கு முன் “இது எந்த இடத்துக்காரன்?” என்று கேளுங்கள். பாதிக் கதை அதிலேயே திறந்துவிடும்.

உட்காரும் முன்

இந்தப் படங்களை எடுத்த ஜிப்லி ஸ்டூடியோவின் படைப்புகள் 2020 முதல் ஜப்பான், அமெரிக்கா, கனடா தவிர்த்த பெரும்பாலான நாடுகளில் நெட்ஃபிளிக்ஸில் வந்துவிட்டன. ஆகவே தேடி அலைய வேண்டியதில்லை. ஒலியை ஜப்பானிய மொழியில் வையுங்கள். ஆங்கில டப்பிங் மோசம் என்று சொல்லவில்லை, பெரிய நடிகர்கள் பேசியிருக்கிறார்கள். ஆனால் மூலத்தில் யாரும் பேசாத இடங்களில் சில டப்பிங்குகள் வசனத்தைச் சேர்த்துவிடுகின்றன. இந்தப் படங்களின் அழகில் பாதி அந்தப் பேசாத இடங்களில்தான் இருக்கிறது. வசன வரிகளில் இரண்டு ஆங்கிலத் தேர்வுகள் இருந்தால், காது கேளாதோருக்கானது என்று குறிக்கப்பட்டது பெரும்பாலும் டப்பிங் வசனத்தை ஒட்டியே இருக்கும். மற்றதை எடுங்கள்.

இன்னொன்று, அடுத்த படம் தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். டோட்டோரோவில் கதையின் முடிவே பெயர்கள் ஓடும்போது வரும் ஓவியங்களில்தான் இருக்கிறது. அந்தச் சிறுமிகளின் அம்மா என்ன ஆனார் என்பதை அங்கேதான் தெரிந்துகொள்வீர்கள். பெயர் ஓடியதும் திரையைச் சிறிதாக்கிவிடும் செயலியால் எத்தனையோ பேர் அதைப் பார்த்ததே இல்லை.

வீட்டில் பெரியவர்களுக்கு ஆங்கில வரி படிக்க வராதே என்று தயங்க வேண்டாம். என் அம்மாவுக்கு டோட்டோரோவைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். கால் மணி நேரத்தில், “நீ சும்மா இரு, எனக்குப் புரியுது” என்றார். கடைசிவரை நான் வாயைத் திறக்கவில்லை.

முதல் படம்: டோட்டோரோ

86 நிமிடம்தான். 1950-களின் ஜப்பானியக் கிராமம். அம்மா மருத்துவமனையில் இருக்க, அப்பாவும் சாத்சுகி, மெய் என்ற இரண்டு மகள்களும் ஒரு பழைய வீட்டுக்குக் குடிவருகிறார்கள். சண்டை இல்லை, துரத்தல் இல்லை. “எப்போ கதை ஆரம்பிக்கும்?” என்று முதல் அரை மணி நேரத்தில் தோன்றினால் பதற வேண்டாம், கதை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது.

இதில் கண் வைக்க வேண்டியது அந்தக் கற்பூர மரம். அதன் அடிமரத்தைச் சுற்றி வைக்கோல் புரி கட்டி, வெள்ளைக் காகிதத்தை மடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். அதன் பெயர் ஷிமெனாவா. இதற்குள் இருப்பது புனிதம் என்பதற்கான எல்லைக் கோடு அது. ஜப்பானின் பழைய சமயமான ஷிந்தோவின் கோவில்களிலும், வழிபடும் பாறைகளிலும், பழைய மரங்களிலும் கட்டுவார்கள். டோட்டோரோ அந்த மரத்துக்காரன் என்பதைப் படம் ஒரு வசனத்தாலும் விளக்காது, கயிற்றைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடும். மெய் காட்டுக்குள் அதைப் பார்த்துவிட்டு வந்து சொல்லும்போது அப்பா சிரிப்பதில்லை. பிள்ளைகளை அழைத்துப்போய் மரத்துக்கு முன் நின்று குனிந்து வணங்கி, மகளைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொல்கிறார். இத்தனைக்கும் அவர் பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பவர். இந்த ஒரு காட்சிக்காகவே நான் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

அப்புறம் வழியோரத்து ஜிஸோ சிலைகள். மழைக்கு ஒதுங்கும் பிள்ளைகள் ஒரு சின்ன ஜிஸோ மாடத்தில் நிற்கும்போது, கொஞ்சம் ஒதுங்கிக்கொள்கிறோம் என்று சாத்சுகி கைகூப்பி அனுமதி கேட்கிறாள். பின்னால் மெய் வழிதவறும்போது வரிசையாக நிற்கும் ஆறு ஜிஸோக்களின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஜிஸோ என்பவர் க்ஷிதிகர்பர் என்ற போதிசத்துவர், வடமொழிப் பௌத்தத்திலிருந்து சீனா வழியாக ஜப்பான் போனவர். அங்கே அவர் குழந்தைகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் காவல். இது தெரிந்த ஜப்பானியப் பார்வையாளருக்கு அந்தக் காட்சியில் பயத்தோடு ஒரு ஆறுதலும் கிடைக்கும். இனி உங்களுக்கும் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. 1988 ஏப்ரலில் இந்தப் படம் திரைக்கு வந்தபோது, இசாவோ தகஹாதாவின் ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’ படத்தோடு சேர்த்து ஒரே காட்சியாக ஓட்டினார்கள். அது போரில் அநாதையான இரண்டு பிள்ளைகளின் கதை, மனதை உடைத்துவிடும். மகத்தான படம்தான், ஆனால் நாம் போகும் பாதையில் இல்லாதது. ஒரே நாளில் இரண்டையும் பார்க்காதீர்கள்.

இரண்டாவதுக்கு முன் மூன்று சொற்கள்

காமி என்பதை வசன வரிகள் ‘காட்’ என்று மொழிபெயர்க்கும். கேட்டதும் உலகைப் படைத்த ஒரே கடவுள் நினைவுக்கு வருகிறதல்லவா? அந்த எண்ணத்தை வெளியே வைத்துவிடுங்கள். மலை, ஆறு, மரம், அடுப்பு என எதிலும் காமி இருக்கலாம். ‘எண்பது லட்சம் காமிகள்’ என்பது ஜப்பானில் பழைய வழக்கு, எண்ணி முடியாத அளவு என்று பொருள். யோகாய் என்பது விசித்திரப் பிறவிகளுக்கான பொதுப்பெயர்: உருமாறும் நரி, தண்ணீருக்குள் இழுக்கும் காப்பா, நெடுங்காலம் புழங்கி உயிர்பெற்ற குடை. தொரியி என்பது கோவிலுக்கு முன் நிற்கும் வாயில், இரண்டு தூணும் மேலே குறுக்குக் கட்டைகளும். அதைத் தாண்டினால் காமியின் இடம். இவ்வளவு போதும்.

‘ஸ்பிரிட்டட் அவே’: மெதுவாக, இரண்டு தடவை

2001-ல் வந்தது. 2002-ல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி, 2003-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர். விருதுக்காகப் பார்க்க வேண்டாம். பத்து வயதுப் பெண் சிஹிரோ, முதல் பத்து நிமிடத்தில் எதற்கெடுத்தாலும் சிணுங்குகிறவள், கடைசியில் எப்படி நடக்கிறாள் என்பதைப் பார்க்கப் பாருங்கள். அவள் மூலத் தலைப்பிலேயே இருக்கும் ‘காமிகாகுஷி’ ஆகிறாள். அந்தச் சொல்லுக்குக் காமி ஒளித்துவைத்தது என்று பொருள். காட்டோரத்தில் ஒரு பிள்ளை சுவடில்லாமல் காணாமல் போனால் ஊரார் அப்படித்தான் சொன்னார்கள்.

தொடக்கத்தில் கார் காட்டுப் பாதைக்குள் திரும்பும் இடத்தில் படத்தை நிறுத்துங்கள். பெரிய மரம், அதன்மேல் சாய்ந்து கிடக்கும் தொரியி, அடியில் தாறுமாறாகக் கிடக்கும் சின்னச் சின்னக் கல் வீடுகள். சிஹிரோ அது என்னவென்று கேட்கிறாள். சாமிகளின் வீடு என்று அம்மா போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார். கார் வேகம் குறைவதில்லை. யாரோ இடித்து, இடம் மாற்றி, குவித்துவிட்டுப் போன சாமிகள் அவை. மீதி இரண்டு மணி நேரமும் அந்த அலட்சியத்திற்குள்தான் நடக்கிறது.

பிறகு அவர்கள் ஒரு சுரங்க வழியைக் கடக்கிறார்கள், அப்பாவும் அம்மாவும் யாருக்கோ வைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பன்றியாகிறார்கள், சிஹிரோ களைத்த சாமிகள் குளிக்க வரும் பெரிய குளியல் விடுதியில் வேலைக்குச் சேர்கிறாள். இங்கே பழங்கதை விதிகள் வரிசையாக வரும். பாலத்தைக் கடக்கும்போது மூச்சு விடக் கூடாது. அந்த உலகத்து உணவு ஒரு வாயாவது சாப்பிடாவிட்டால் உடம்பு கரைந்துபோகும். ஒரு கட்டத்தில், திரும்பிப் பார்க்காதே என்பார்கள். 712-ல் தொகுக்கப்பட்ட ஜப்பானியப் புராண நூலான ‘கொஜிக்கி’யில் இதன் வேர் இருக்கிறது. இறந்த மனைவி இசானமியைத் தேடி இசானகி பாதாளத்துக்குப் போகிறான். அவள் அங்கத்து உணவைச் சாப்பிட்டுவிட்டதால் திரும்ப முடியாது என்கிறாள். பார்க்காதே என்று சொல்லியும் அவன் பார்த்துவிடுகிறான், எல்லாம் கெட்டுப்போகிறது. மியாசாகி அந்த உணவு விதியைத் தலைகீழாக்கியிருக்கிறார். இங்கே சாப்பிட்டால்தான் பிழைக்கலாம்.

விடுதியின் முதலாளி யுபாபா வேலை கொடுக்கும்போது சிஹிரோவின் பெயரைப் பிடுங்கிக்கொள்கிறாள். ஒப்பந்தத் தாளிலிருந்து எழுத்துகள் எழும்பி அவள் கைக்குள் போகின்றன, ஒன்றே ஒன்று மிஞ்சுகிறது. சிஹிரோ என்ற பெயரின் முதல் எழுத்துக்கு ஆயிரம் என்று பொருள். தனியாக நின்றால் அதையே ‘சென்’ என்று படிப்பார்கள். அப்படித்தான் அவள் ‘சென்’ ஆகிறாள். சொந்தப் பெயரை மறந்தால் ஊருக்குத் திரும்பும் வழியும் மறந்துபோகும்.

படத்தின் நடுவில் ஒரு நாற்றச் சாமி குளிக்க வருகிறது. சேறும் கழிவுமாக ஊர்ந்து வரும் மலை. எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிஹிரோவைத் தள்ளிவிடுகிறார்கள். தொட்டியில் தடவும்போது அதன் விலாவில் முள்போல ஏதோ குத்தி நிற்பது அவள் கைக்குத் தட்டுப்படுகிறது. கயிறு கட்டி எல்லோரும் சேர்ந்து இழுக்கிறார்கள். வருவது ஒரு சைக்கிளின் கைப்பிடி. அதன் பின்னால் சைக்கிள், அதன் பின்னால் தகரம், குழாய், குப்பை என ஒரு ஆறு விழுங்கிய அத்தனையும். கடைசியில் வயசாளி முகத்தோடு ஒரு ஆற்றுச் சாமி வெளிப்பட்டு, வாய்விட்டுச் சிரித்து, நாகம்போல நெளிந்து பறந்துபோகிறது. மியாசாகி தன் வீட்டுப் பக்கத்து ஆற்றைச் சுத்தம் செய்யப் போனபோது உள்ளே புதைந்திருந்த சைக்கிளை இழுத்தெடுத்த அனுபவத்தையே இங்கே வைத்தார். சிஹிரோவுக்கு உதவும் ஹக்கு என்ற பையன் யார் என்பதை நான் சொல்லமாட்டேன். ஒரு ஆற்றுக்கு என்ன ஆனது என்று பின்னால் ஓரிடத்தில் ஒரே வரியில் வரும். அந்த வரியின்போது கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

சரி, கடலுக்கு மேல் ஓடும் அந்த ரயில். யாரும் பேசுவதில்லை. நிழலுருவப் பயணிகள் ஏறி இறங்குகிறார்கள், ஜன்னலில் தண்ணீரும் அந்தி வெளிச்சமும் மட்டும். முதல் தடவை இங்கே “ஒண்ணுமே நடக்கலையே” என்று தோன்றும். மியாசாகி ஒரு பேட்டியில் கைகளைத் தட்டிக் காட்டி, இரண்டு தட்டலுக்கும் நடுவே இருக்கும் நேரம்தான் ‘மா’ என்று விளக்கினார். வேண்டுமென்றே விடப்படும் வெற்று வெளி. இரண்டாம் தடவை பார்க்கும்போது நீங்கள் இந்த ரயிலுக்காகக் காத்திருப்பீர்கள்.

கெட்டவரைத் தேடாதீர்கள்

‘பிரின்சஸ் மோனோநோகே’ 1997-ல் வந்தது, இரண்டேகால் மணி நேரம். தலைப்பில் இளவரசி இருக்கிறாளே என்று எட்டு வயதான அக்கா மகளுக்கு நான் காட்டிய முதல் ஜிப்லி படம் இதுதான். தொடங்கிய சில நிமிடங்களில், உடலெங்கும் புழுக்கள் நெளியும் காட்டுப்பன்றித் தெய்வம் ஊருக்குள் பாய்கிறது. கொஞ்ச நேரத்தில் ஒரு வீரனின் கைகள் அம்பு பட்டுத் துண்டாகின்றன. அவள் அழுதுகொண்டே எழுந்துபோனாள். டோட்டோரோவைப் பார்க்க அவளைச் சம்மதிக்கவைக்க இரண்டு வருடம் ஆனது. பதின்மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இதைக் காட்டாதீர்கள். மோனோநோகே என்பது நாயகியின் பெயரும் இல்லை. வஞ்சம் தீர்க்கும் ஆவிக்கான பழைய சொல் அது, ஓநாய்களோடு வளர்ந்த பெண்ணை ஊரார் அப்படி அழைக்கிறார்கள். அவள் பெயர் சான்.

காட்டை அழிப்பவள் எபோஷி. இரும்பு மணலை உருக்கக் கரி வேண்டும், கரிக்கு மரம் வேண்டும். அவளுடைய உலைக்களத்தில் துருத்தி மிதிப்பவர்கள் விபசார விடுதிகளிலிருந்து மீட்கப்பட்ட பெண்கள். தொழுநோயாளிகளின் புண்ணைத் தன் கையால் கழுவிக் கட்டுகிறவளும் அவளே. நாயகன் அஷிதாகாவுக்கு அவளை வெறுக்கவும் முடியவில்லை, காட்டை விடவும் முடியவில்லை. நீங்களும் பக்கம் எடுக்கும் அவசரத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்தால்தான் படம் பிடிபடும். தலையை உதறிக் கடகடக்கும் வெள்ளைக் குட்டி உருவங்கள் கொதமா, மர ஆவிகள். அவை எப்போது தென்படுகின்றன, எப்போது உதிர்கின்றன என்று மட்டும் பார்த்துக்கொண்டே இருங்கள். காட்டின் உடல்நிலை அவற்றில் தெரியும். இந்தக் காட்டை வரையத் தெற்கே யாகுஷிமா தீவுக்குப் போய்ப் பார்த்துவந்தார்கள். ஆயிரம் வருடத்தைத் தாண்டிய சிடார் மரங்கள் அங்கே இன்றும் நிற்கின்றன.

தனுகிகளின் குன்று

தகஹாதாவின் ‘பாம் போகோ’ (1994) பலரும் தாண்டிவிடும் படம். தாண்ட வேண்டாம். தோக்கியோவுக்கு மேற்கே தாமா குன்றுகளை வெட்டி, அடுக்குமாடி நகரம் கட்டினார்கள். அங்கே வாழ்ந்த தனுகிகள், நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த குட்டையான காட்டு விலங்குகள், தங்களுடைய பழைய உருமாறும் வித்தையைத் தூசு தட்டி எடுத்து மனிதர்களை விரட்டப் பார்க்கின்றன. ஆங்கில டப்பிங் இவற்றை ரக்கூன் என்கிறது, அது வேறு விலங்கு. நாட்டார் கதைகளில் தனுகியின் விதைப்பைக்குப் பெரிய இடம் உண்டு, அதைப் பாயாக விரிக்கும், பாய்மரமாகவும் கட்டும். ஜப்பானில் அது குழந்தைப் பாட்டிலும் வரும். குடும்பத்தோடு பார்ப்பதானால் முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

ஒரே தனுகியை மாறி மாறி வேறு பாணிகளில் வரைந்திருப்பதைக் கவனியுங்கள். மனிதர் பார்க்கும்போது நான்கு காலில் நிற்கும் நிஜ விலங்கு. தங்களுக்குள் இருக்கும்போது சட்டை போட்டு இரண்டு காலில் நடக்கும். குதூகலத்திலும் களைப்பிலும் வெறும் கோட்டுச் சித்திரம். ஒரு இரவு ஊருக்குள் பேய்களின் ஊர்வலம் நடத்துகின்றன, நூறு பேய்களின் இரவு நடை என்று நூற்றாண்டுகளாக ஓவியர்கள் வரைந்துவந்த காட்சி. திரை முழுக்க யோகாய்கள் வழிந்தோடும். மனிதர்கள் பயந்தார்களா? அதைச் சொன்னால் படத்தின் வலி போய்விடும்.

இந்த நான்கும் பிடித்துப்போய் இன்னும் பழையது வேண்டும் என்றால் தோயெய் நிறுவனத்தின் இரண்டு படங்கள் உண்டு. 1958-ல் வந்த வெள்ளைப் பாம்பின் கதை, ஜப்பானின் முதல் வண்ண முழுநீள அனிமேஷன் படம். சீனப் பழங்கதைதான், ஆனால் பள்ளி மாணவனாக இருந்த மியாசாகியை இந்தத் துறைக்கு இழுத்தது இது. 1963-ல் வந்த எட்டுத்தலை நாகத்தின் கதை ‘கொஜிக்கி’யில் வரும் சுசானோ என்ற தெய்வத்தை நாயகனாக்கியது. அதன் இசை, ‘காட்ஸில்லா’வுக்கு இசையமைத்த அகிரா இஃபுகுபே.

கடைசியாக ககுயா

தகஹாதாவின் ‘தி டேல் ஆஃப் தி பிரின்சஸ் ககுயா’ 2013-ல் வந்தது, எட்டு வருட உழைப்பு. 2018-ல் காலமான அவருக்கு இதுவே கடைசிப் படம். ஆயிரம் வருடத்துக்கும் மேல் பழைய மூங்கில்வெட்டி கதை, ஜப்பானில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்தது. அதனால் இதன் முடிவைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஒளிரும் மூங்கிலுக்குள் கிடைத்த பெண் நிலவிலிருந்து வந்தவள், நிலவுக்கே திரும்ப வேண்டியவள். இது தெரிந்து பார்த்தால்தான் அவள் மண்ணில் விழுந்து புரளும் ஒவ்வொரு காட்சியும் கனக்கும்.

அவளை மணக்க வரும் ஐந்து பெருமக்கள் அவளை அரிய பொருள்களோடு ஒப்பிட்டுப் புகழ்கிறார்கள். அப்படியானால் அவற்றையே கொண்டுவாருங்கள் என்கிறாள். அதில் ஒன்று புத்தரின் கல் பாத்திரம், ஜப்பானியர் ‘தென்ஜிகு’ என்றழைத்த இந்தியாவில் இருப்பதாகப் பழங்கதை சொல்வது. மூலக்கதையில் அந்த மனிதர் இந்தியாவுக்குப் போனதாகப் பொய் சொல்லிவிட்டு, பக்கத்து மலைக்கோவிலிலிருந்து ஒரு பழைய பாத்திரத்தை எடுத்துவருவார்.

படம் முழுக்க நீர்வண்ணம், ஓரங்கள் வெள்ளையாகவே விடப்பட்டிருக்கும். விருந்து நடக்கும் மாளிகையிலிருந்து ககுயா ஓடும் இடத்தில் அந்த வண்ணமும் கிழிந்துபோகிறது. கரித்துண்டின் முரட்டுக் கோடுகள் மட்டும், அடுக்கடுக்கான பட்டாடைகள் ஒவ்வொன்றாகக் கழன்று பின்னால் பறக்க, முகம்கூட அடையாளம் தெரியாமல், நிலவை நோக்கி ஓடுகிறாள். நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். தனித்தனிச் சட்டகமாகப் பார்த்தால் சில இடங்களில் அங்கே பெண்ணே இல்லை, கோபம் மட்டும்தான் இருக்கிறது.

கடைசியில் நிலவிலிருந்து கூட்டம் மேகத்தில் இறங்கிவரும். இறப்பவரை அழைத்துப்போக அமிதாப புத்தர் வாத்தியக்காரர்களோடு வருவதாக வரையப்படும் பழைய பௌத்த ஓவியங்களின் அச்சு அது. ஜோ ஹிசாயிஷியின் இசை அங்கே துள்ளலாக இருக்கும், திருவிழா மேளம்போல. காவலர்கள் எய்யும் அம்புகள் பூவாக மாறும். அந்தக் கூட்டத்துக்குத் துக்கம் தெரியாது, அதனால்தான் அந்த இசை. வீட்டில் யாராவது “இந்த இடத்துல ஏன் சந்தோஷப் பாட்டு?” என்று கேட்டால் பதில் சொல்லாதீர்கள், அவர்களே கண்டுகொள்ளட்டும். பெயர்கள் ஓடும்போது கசுமி நிகாய்தோ பாடும் ‘உயிரின் நினைவு’ வரும். அவர் ஒரு பௌத்த மதகுருவும்கூட. விளக்கைப் போடாமல் அந்தப் பாட்டு முடியும்வரை உட்கார்ந்திருங்கள்.